இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து சுற்ற

அக்-சாய்,
பிப்ரவரி 7, 1999

அத்-பாஷி ஊர், ஆற்றுப் பாலத்துப் பட்டறை, சம்பந்தி கெங்கேஷ் அவர்களுக்கு,

கடிதம் என்றால் கால்நடை சுகமா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். உங்களிடம் கால்நடை இல்லை. ஆகவே பட்டறை சுகமா, அடுப்புக்குக் கரி இருக்கிறதா, அந்த முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே குளிர் மைனஸ் நாற்பது டிகிரிக்கும் கீழே போய்விட்டது. ஆடுகள் சமாளிக்கின்றன. யாக் மாடுகளைக் கேட்க வேண்டாம், அவற்றுக்கு இதுதான் கல்யாண சீசன் மாதிரி.

வைக்கோல் லாரி முக்தார் இந்தக் கடிதத்தோடு ஒரு உப்புச் சாக்கை இறக்குவான். உள்ளே உப்பு இல்லை. என் ஜீப்பின் பின் அச்சைப் பிளந்து எடுத்த, இரண்டு சக்கரத்துக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் இருக்கிறது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அக்டோபர் பதினாலு, செவ்வாய்க்கிழமை, உங்கள் மகளை என் மகன் சொல்லாமல் கூட்டி வந்துவிட்டதற்கு, பெண் வீட்டார் கோபம் தணிக்கச் செய்ய வேண்டிய முறைப்படி, மூன்று பெரியவர்களையும் ஒரு கொழுத்த ஆட்டையும் கூட்டிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தேன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு, இடது கையில் ஸ்பானரோடு வெளியே வந்தீர்கள். "ஆட்டையும் கூட்டிட்டுப் போங்க, ஆளுங்களையும் கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். கூட்டிக்கொண்டு போனோம். ஆட்டைத் திருப்பி அனுப்புகிற மனிதர் பழுதான இரும்பைத் திருப்பி அனுப்ப மாட்டார் என்ற நம்பிக்கையில் இதை அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். நம் இரண்டு ஊருக்கும் நடுவில் கிடக்கிற கோக்-பெல் கணவாய் ஏப்ரலில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேலே பனி, கீழே களிமண் சேறு. என் ஜீப்பில் ஒரு பின்சக்கரம் சேற்றில் விழுந்தால் அது மட்டும் வெறுமனே சுற்றுகிறது. கெட்டித் தரையில் இருக்கிற மற்றது வேடிக்கை பார்க்கிறது. எஞ்சின் பலம் எல்லாம் வேலை செய்யாத சக்கரத்துக்கே போகிறது. இரண்டும் சேர்ந்து சுற்றும்படி பூட்டிவிட வேண்டும். வெளிநாட்டுப் பூட்டு ஒன்று தலைநகரத்தில் கிடைக்கிறதாம், அதன் விலையில் இந்த ஜீப்பையே வாங்கலாம் என்றான் முக்தார். நீங்கள் உள்ளே இருக்கிற குட்டிப் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒரே கட்டியாக்கிவிடுவீர்கள். எண்பத்து மூன்றில், கூட்டுப்பண்ணையின் பச்சை ஜீப், ஓட்டுநர் பக்கத்துக் கதவு இல்லாதது, அதற்குச் செய்தீர்கள். அந்த வருஷம் மே மாதம் அது கோக்-பெல்லை ஏறியதை நான் குதிரை மேல் உட்கார்ந்து பார்த்தேன்.

அவசரம் ஏன் என்றால், ஏப்ரல் கடைசி வாரம் எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும்.

இந்த வரி வந்ததும், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பேனாவை எடுத்துவிட்டாள். "வண்டி விஷயம் மட்டும்னு சொன்னீங்க, மாமா" என்றாள். இதுவும் வண்டி விஷயந்தான், எழுது பொண்ணே என்றேன். எழுதுகிறாள்.

மார்ச் பாதியோடு லாரி நின்றுவிடும். அதற்குள் லாரியிலேயே மலையிறங்கி அத்-பாஷியில் என் அக்கா மகள் வீட்டில் இரு என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். தன் அப்பா வாசலுக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொருத்தர் வீட்டில் ஆறு வாரம் உட்கார முடியாது என்கிறாள். அழைப்பில்லாமல் பிறந்த வீட்டுப் படியேறவும் முடியாது, அந்த வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. குதிரை கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். ஆகவே நாள் நெருங்கும்போது எங்கள் ஜீப்பிலேயே நேராக ஆஸ்பத்திரிக்குப் போவாளாம். ஐம்பது வருஷம் ஆடு மேய்த்திருக்கிறேன், இவ்வளவு பிடிவாதமான ஜீவனைப் பார்த்ததில்லை. யாரைக் கொண்டு பிறந்த குணம் என்று நான் கேட்கவில்லை. இதையும் எழுது என்றேன்.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லவும் கூடாது, கையால் எழுதவும் கூடாது. எனக்கோ எழுத வராது, அதனால் கீழே அடுப்புக் கரி தொட்டு என் பெருவிரலை வைக்கிறேன். யார் என்று உங்களுக்குத் தெரியும்.


அத்-பாஷி,
பிப்ரவரி 16

ஜெக்ஷென் அவர்களுக்கு,

சாக்கு வந்தது. வேலை முடிந்தது. அதே சாக்கில் அனுப்புகிறேன்.

குட்டிப் பல்சக்கரங்களில் இரண்டு பல் ஏற்கெனவே சிதறியிருந்தது. எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவி, சூடாக்கி, பக்கத்துப் பெரிய பல்சக்கரங்களோடு சேர்த்து வெல்டிங் வைத்தேன். சூடான மணலில் ஒரு பகலும் ஓர் இரவும் புதைத்து ஆறவிட்டேன். சீக்கிரம் ஆறினால் விரிசல் விடும். இனி இது பிரியாது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது: இடது பக்கத்து மெல்லிய தகடுகளைச் சிவப்பு நூலில் கோத்திருக்கிறேன், வலது பக்கத்தை வெள்ளை நூலில். மாறினால் அச்சு ஊளையிடும். அச்சின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். எண்ணெய் புதிதாக ஊற்றவும்.

டிஃபரன்ஷியல் மட்டும் இருபது கிலோ. அச்சு முழுதாக ஓர் ஆளை விடக் கனம். அதை யார் தூக்குவது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. உங்கள் மகன் எர்மெக் தூக்கட்டும். வேறு யாரும் தூக்கக் கூடாது. வண்டிக்கு அடியில் வேறு யாரும் படுக்கவும் கூடாது.

ஓட்டும்போது: பூட்டிய அச்சு திரும்ப விரும்பாது. ஸ்டியரிங்கை ஒடித்தாலும் முன்பக்கம் நேராகவே தள்ளும். காய்ந்த கெட்டி ரோட்டில் டயரைத் தின்னும், பக்க அச்சுத்தண்டு முறியவும் முறியும். ஆற்று ஐஸ் மேல் ஏற்றவே கூடாது.

நீங்கள் அனுப்பிய சாக்கில் ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனியாகத் துணியில் சுற்றி, அளவுப்படி கட்டியிருந்தது. ஆடு மேய்ப்பவர் கட்டுகிற கட்டு இல்லை அது.

சாக்கில் காலியிடம் இருந்தால் இரும்பு ஆடும். அதனால் காய்ந்த ஆப்ரிகாட் வைத்து அடைத்திருக்கிறேன். இரண்டு கிலோ. தேவைப்பட்டவர்கள் சாப்பிடலாம்.

கெங்கேஷ்


அக்-சாய்,
மார்ச் 3

சம்பந்தி கெங்கேஷ் அவர்களுக்கு,

இரும்பும் வந்தது, ஆப்ரிகாட்டும் வந்தது. இரும்பு முழுசாக இருக்கிறது. ஆப்ரிகாட்டில் முக்கால் பங்கு முதல் நாளே போய்விட்டது, தேவைப்பட்டவள் ஒருத்திதான்.

உங்கள் கடிதத்தை அவள்தான் வாசித்துக் காட்டினாள். வேறு யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்ற இடம் வந்ததும் நின்றாள். மறுபடி வாசித்தாள். "வெளிச்சம் பத்தல, மாமா" என்றாள். அப்போது நடுப்பகல்.

மாட்டியதைச் சொல்கிறேன். நான்கு நாள் ஆனது. எர்மெக் தடித்த கம்பளி விரிப்பை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தான். பிளோலாம்ப் தீயைக் காட்டாமல் ஒரு நட்டும் அசையவில்லை. உங்கள் மகள் பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு, மூன்று கம்பளி சுற்றிக்கொண்டு, வெளியே உட்கார்ந்தாள். கையில் என் சாட்டைக் கம்பு. அவன் பூட்ஸில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் தளர்த்து. மூன்றாம் நாள் அவன் கால் வீங்கியிருந்தது.

"உங்கப்பா எழுதினதுல இது இல்லையே" என்று அடியிலிருந்து அவன்.

"எங்கப்பா எழுதாம விட்டதும் எனக்குத் தெரியும். வெள்ளை நூல் அந்தப் பக்கம்."

"பதினோரு தடவை அந்தப் பட்டறைக்குப் போயிருக்கேன். ஒரு தடவையாவது இதைக் கழட்டிக் காட்டியிருப்பாரா?"

"பதினோரு தடவையும் நீங்க வண்டிப் பக்கமா பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

இதை எழுத மாட்டேன் என்றாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறவர்களிடம்தான் நான் கடிதம் சொல்வேன் என்றேன். எழுதிவிட்டாள், காது மட்டும் சிவந்திருக்கிறது.

கடைசியில் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இடது சக்கரத்தைக் கையால் சுற்றினேன். முன்பெல்லாம் இடது ஒரு பக்கம் போனால் வலது எதிர்ப் பக்கம் போகும். இப்போது வலதும் அதே பக்கம் வந்தது. இன்னொரு தடவை சுற்றினேன். என் எழுபத்தாறு வயதில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றது இதுதான் முதல் தடவை.

அவள் எதையும் தூக்கவில்லை. இதை அவள் எழுதச் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

பெருவிரல் கீழே.


அத்-பாஷி,
மார்ச் 10

ஜெக்ஷென் அவர்களுக்கு,

முக்தாரின் கடைசி லாரி நாளைக் காலையில் கிளம்புகிறது என்கிறான். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

பதினோரு தடவை என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சரி. அந்த ஒரே கோடையில் பதினோரு தடவை. ஏற்றத்தில் எஞ்சின் நிற்கிறது என்றான் உங்கள் மகன். கிளட்ச் நாற்றம் அடிக்கிறது என்றான். சூடானால் இழுக்கவில்லை என்றான். கார்புரேட்டரை மூன்று முறை பிரித்தேன். பெட்ரோல் குழாயை மாற்றினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. படுத்தால் அந்த ஜீப்தான் கண்ணுக்குள் நிற்கும். என்னிடம் வேலை கற்றவர்களிடமெல்லாம் சொன்னேன், முப்பது வருஷத்தில் ஒரு வண்டி என்னைத் தோற்கடித்துவிட்டது என்று.

வண்டியில் பழுதே இல்லை என்று அக்டோபரில் தெரிந்தது. என்னைத் தவிரத் தெரு முழுக்க முன்பே தெரிந்திருந்தது.

மகள் போவாள். எந்த அப்பனும் அதற்குப் பழகிக்கொள்வான். அவளுடைய அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து என் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்று வளர்ந்தாள். இல்லாத பழுதை நான் குனிந்து தேடியபோதும் விளக்கை அவள்தான் பிடித்திருந்தாள். இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

இதுதான். என் கோபத்துக்கு ஆடு ஒரு பொருட்டே இல்லை.

பூட்டிய அச்சை முதலில் சரக்கில்லாமல் ஓட்டிப் பழகவும்.

கெங்கேஷ்


அக்-சாய்,
மார்ச் 28

சம்பந்தி கெங்கேஷ் அவர்களுக்கு,

லாரி நின்றுவிட்டது. கணவாயைக் குதிரையில் தாண்டுகிற ஒருவரிடம் இதைக் கொடுக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அவள் நிறுத்தாமல் கடைசி வரை வாசித்தாள். மடித்து வைத்தாள். யாக் மாடுகளைப் பார்க்கப் போகிறேன் என்று வெளியே போனாள். மாடுகள் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தன, அவள் மலைப்பக்கம் போனாள். சாயங்காலம் வந்து, நான் ஒன்று சொல்லலாமா மாமா, உங்க கடிதத்துல சேத்துக்குங்க என்றாள். அவள் சொன்னது இது. கடைசித் தடவை விளக்கைப் பிடித்தபோது அவள் கை நடுங்கியதாம். நீங்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, குளிர்கிறது என்று நினைத்து உங்கள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டீர்களாம். ஆகஸ்ட் மாதம். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாளாம், நீங்கள் மறுபடி குனிந்துவிட்டீர்களாம். கிளம்பும்போது அந்தக் கோட்டோடுதான் கிளம்பினாள். இங்கே இரண்டு குளிர்காலமும் அதைத்தான் போடுகிறாள். இப்போது பொத்தான் சேரவில்லை.

என் பங்குக்கு நானும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் தடவை அவன் ஜீப்பை எடுத்தபோதே எனக்குத் தெரியும். கிளட்ச் நாற்றம் அடிக்கிறது என்று போகிறவன் தலைக்கு எண்ணெய் தடவிச் சீவமாட்டான். தெரிந்தும் சாவியைக் கொடுத்தேன். உங்களை ஏமாற்றியவர்கள் வரிசையில் என்னையும் நிறுத்துங்கள், அதுதான் நியாயம்.

இனி வண்டி. வியாழக்கிழமை நானும் எர்மெக்கும் மட்டும் கோக்-பெல்லின் எங்கள் பக்கத்து அடிவாரச் சரிவில் ஓட்டிப் பார்த்தோம். சமதரையில் பிரமாதம். முன்பு மூன்று தடவை சிக்கிய ஓடைக்களியை நடந்து போகிற மாதிரித் தாண்டியது. பிறகு சரிவு வந்தது. அவன் நேராக ஏற்றப் பார்த்தான். "குறுக்காப் பிடிடா" என்றேன். குதிரையில் வளர்ந்தவன் எவனும் சரிவில் நேராக ஏறமாட்டான், சாய்த்துச் சாய்த்துத்தான் ஏறுவான், குதிரைக்கு மூச்சு வேண்டும். அவன் என் பேச்சைக் கேட்டான். நான் சொன்னால் கேட்கிற பிள்ளை, அதுதான் அன்றைக்குத் தப்பாகப் போனது. பாதி போவதற்குள் பின்பக்கம் தண்ணீர் குடிக்கப் போகிற மாடு மாதிரி மெதுவாகக் கீழே இறங்கிவிட்டது. இரண்டு சக்கரமும் சுற்றுகின்றன, சேர்ந்துதான் சுற்றுகின்றன, ஆனாலும் இறங்குகிறது. பள்ளத்தில் போய் உட்கார்ந்தோம். எங்களுக்கு ஒன்றும் இல்லை. வலது மட்கார்ட் மடங்கியது. மூன்று யாக் மாடுகளைக் கட்டி இழுத்து மேலே கொண்டுவரப் பொழுது சாய்ந்துவிட்டது.

திரும்பி வந்து அவளிடம் சொன்னோம். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள். அவள் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஏப்ரல் இருபது, விடியும் நேரம், களி உறைந்து கிடக்கும்போது கிளம்பலாம் என்று வைத்திருக்கிறோம். வெல்டிங்கில் குறையா, நான் சொன்ன வார்த்தையில் குறையா? இந்த வண்டியை நம்பி அவளை ஏற்றலாமா? அது ஒன்றை எழுதுங்கள். வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

பெருவிரல் கீழே.


அத்-பாஷி,
ஏப்ரல் 5

ஜெக்ஷென் அவர்களுக்கு,

வெல்டிங்கில் குறை இல்லை. குறை என் கடிதத்தில். சரிவைப் பற்றி நான் எழுதவில்லை. ஜீப்பைக் குதிரை மாதிரி ஓட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பூட்டாத அச்சில் ஒரு சக்கரம் சுற்றும்போது மற்றது சும்மா நிற்கிறதே என்று நீங்கள் திட்டினீர்கள். அந்தச் சும்மா நிற்கிற சக்கரம் ஒரு வேலை செய்கிறது. முளை மாதிரித் தரையைப் பிடித்துக்கொள்கிறது. வண்டி பக்கவாட்டில் போகாது. பூட்டிய பிறகு இரண்டும் சுற்றுகின்றன. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. தரை எந்தப் பக்கம் சாய்கிறதோ பின்பக்கம் அந்தப் பக்கம் போகும்.

ஆகவே நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள். வண்டிக்கு மூச்சு வாங்காது. முன்சக்கரமும் இழுக்கும்படி முன் அச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயரில் பாதிக் காற்றை இறக்குங்கள். பின்னால் நான்கு உப்பு மூட்டை ஏற்றுங்கள், அச்சுக்கு நேர் மேலே. வளைவில் ஒரே வீச்சில் திருப்ப வேண்டாம். வெளி ஓரம் வரை போய் நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி திருப்புங்கள். எத்தனை முறை ஆனாலும் சரி. நடுவில் யாரும் வழி சொல்லக் கூடாது.

வண்டியை நம்பலாம். என் பெயரைச் சொல்லி நம்பலாம்.

பொத்தான் சேராவிட்டால் மேலே ஒரு கயிறு கட்டிக்கொள்ளலாம். கோட்டைத் திறந்து விட்டுக்கொண்டு கணவாயில் உட்காரக் கூடாது. காற்று நெஞ்சுக்கு ஆகாது. இந்த வரியை எழுதுகிறவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்தான் வாசிக்கிறார் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் மாதம் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

கெங்கேஷ்


அக்-சாய்,
ஏப்ரல் 28

சம்பந்தி கெங்கேஷ் அவர்களுக்கு,

இதை எர்மெக் எழுதுகிறான். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இவன் என் பெயரை எழுதலாம் என்பதால் இந்தத் தடவை விரல் இல்லை.

கணவாயில் உங்களைப் பிரிந்த அன்றைக்கு நாங்கள் இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம். நல்லவேளை திரும்பினோம், ராத்திரி பனி கொட்டியது. ஆடுகள் ஈனுகிற சமயம், இதுவரை நூற்று அறுபது குட்டிகள், நான்கு போயின, மற்றவை பால் குடிக்கின்றன. இந்த வேலையை விட்டுவிட்டு உங்களோடு ஊர்வரை வர முடியவில்லை என்று நீங்கள் தப்பாக எடுத்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் பார்க்காத பாதியைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பதினாலு வளைவு. ஒவ்வொன்றையும் ஐம்பது வருஷமாக எனக்குத் தெரியும், ஒவ்வொன்றிலும் குறுக்காகப் பிடி என்று நாக்கு நுனி வரை வந்தது. நடுவில் யாரும் வழி சொல்லக் கூடாது என்று எழுதியது எனக்குத்தான் என்று தெரிந்து, காய்ந்து கெட்டியான தயிர் உருண்டை ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டேன். ஏறி முடியும்வரை கரையவில்லை. அவன் நிறுத்தி, பின்னால் எடுத்து, திருப்பி, நேராக ஏற்றினான். ஒன்பதாவது வளைவில் நான்கு முறை எடுத்தான். பின்பக்கம் ஒரு சாண்கூட நகரவில்லை. அவள் நடுவில், கயிறு கட்டின கோட்டோடு, இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள். உச்சியில்தான் பேசினாள். "எங்கப்பா கை" என்றாள். அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்தில், கீழிருந்து இரண்டாவது வளைவில், சக்கரம் முழுகச் சேற்றில் புதைந்த ஒரு சின்னக் கார் தெரிந்தது, அதன் கூரை மேல் பூட்ஸ் இல்லாத ஒரு மனிதர். எங்களை எதிர்கொள்ளக் கிளம்பியதாக நீங்கள் யாருக்கும் எழுதவில்லை. மற்றவர்கள் வண்டிக்கெல்லாம் அச்சைப் பூட்டுகிறவர் தன் காருக்குப் பூட்டிக்கொள்ளவில்லையே என்று எர்மெக் சிரிக்கப் பார்த்தான், முழங்கையால் ஒன்று கொடுத்தேன். இப்போது எழுதும்போது சிரிக்கிறான்.

அவள் இறங்கி நின்றாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நீங்கள் பேசிய முதல் பேச்சு எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கிறது.

"யாரு ஓட்டுனது?"

"இவருதாம்ப்பா."

"நேரா வந்தானா?"

"நேராத்தான் வந்தாரு."

அப்புறம் கூரையிலிருந்து இறங்க அவள் தோளைப் பிடித்தீர்கள். அந்தக் கையைக் காரில் ஏறுகிறவரை எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

காரை இழுத்துப் போட்டதும் பொட்டலத்தைப் பிரித்தேன். நீங்கள் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அங்கேயே பசியோடு கிடந்ததாகச் சொன்னீர்கள். வழிக்கு அவித்துக் கொண்டுவந்த ஆட்டில், சமாதானத்துக்குச் சம்பந்திக்குக் கொடுக்கிற இடுப்பெலும்பை என் கையால் எடுத்து நீட்டினேன். வாங்கினீர்கள். தின்றீர்கள். அவள் உங்கள் காருக்கு மாறி உட்கார்ந்த பிறகு, கண்ணாடியை இறக்கி, "வழியில தின்னது கணக்குல வராது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஒரு வாரமாக யோசித்துவிட்டேன். வழியில் தின்றால் கணக்கில்லை என்று நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் தின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்த அந்த எலும்பை வீட்டில் என் நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது, அவ்வளவு சுத்தம். முறை என்றால் அதுதான் முறை. வேண்டுமானால் பெரியவர்கள் நடுவில் பேசிக்கொள்ளலாம்.

இதெல்லாம் பேச்சுக்கு. எட்டு நாளாக உங்கள் பக்கத்திலிருந்து ஒரு குதிரைகூட வரவில்லை. எர்மெக் குட்டிகளை எண்ணும்போது நடுவில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறான். எனக்கு ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டியதில்லை. இரண்டு உயிரும் சுகமா?

ஜெக்ஷென்


அத்-பாஷி,
மே 5

சம்பந்தி ஜெக்ஷென் அவர்களுக்கு,

இரண்டு உயிரும் சுகம். ஏப்ரல் இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே கால். பெண். மூன்று கிலோ நானூறு. பனியால் கணவாய் மூடிக்கிடந்தது. உங்கள் கடிதத்தோடு வந்த முதல் குதிரைக்காரரிடமே இதைக் கொடுக்கிறேன். எர்மெக் குட்டிகளை ஒழுங்காக எண்ணலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே கூட்டி வந்தேன். வாசலில் நின்றாள். அழைத்தால்தான் வருவேன் என்கிற மாதிரி நின்றாள். வா என்றேன். வந்தாள். அவளுடைய பழைய அறையில் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் காலையிலிருந்து மாவுப் பணியாரமும் வெண்ணெயுமாக வந்து போகிறார்கள், பட்டறையில் ஒரு வேலை நடக்கவில்லை. நேற்று அவள் எழுந்து வந்து என் ஸ்பானர்கள் வரிசை மாறிக் கிடக்கிறது என்று திட்டிவிட்டுப் போனாள்.

எலும்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெரியவர்கள் வேண்டாம். பசியாக இருந்தது என்று சொன்னேன், உண்மையில் அந்த ராத்திரியே பசி செத்துவிட்டது. யார் கையிலிருந்து எதை வாங்குகிறேன் என்று தெரிந்துதான் வாங்கினேன். காரில் உட்கார்ந்ததும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அதைச் சொன்னேன்.

பெயர் வைக்கவில்லை. வைக்கிற உரிமை உங்களுக்கு. பிள்ளையை இப்போதைக்குச் சின்னது என்று கூப்பிடுகிறோம்.

ஜூன் மூன்று நாற்பதாம் நாள். நாற்பது கரண்டித் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும். அதற்குள் ரோடு காய்ந்துவிடும். காய்ந்த ரோட்டில் பூட்டிய அச்சோடு வேகமாக வராதீர்கள், வளைவில் டயர் கத்தும். பழைய அச்சு ஒன்றிலிருந்து நல்ல பல்சக்கரங்கள் எடுத்து வைத்திருக்கிறேன். கோடைக்கு அதை மாட்டிக்கொள்ளலாம், இலையுதிர் காலத்தில் மறுபடி பூட்டியதை மாட்டலாம். வேலை ஒரு நாளில் முடியும். நீங்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த நாளுக்குத்தான் வர வேண்டும் என்றும் இல்லை, குட்டிகள் நிமிர்ந்ததும் முன்னாலேயே வரலாம்.

இன்று காலை தெருவில் ஒரு ஜீப் சத்தம் கேட்டது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். வேறு யாரோ.

கெங்கேஷ்